உயிரியல் பூங்காவில் காட்டு விலங்குகளை எப்படிப் பராமரிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுவது சில ஆண்டுகளாக நான் விரும்பிச் செய்யும் வேலை. போகும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. வெயிலில் நடந்துகொண்டே பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பாலூட்டிகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். பறவைகளுக்கும் முதலைகளுக்கும் தனியாக ஒரு பக்கம் வேண்டும்.

அரை மணி நேரம் நின்றும் புலி கண்ணிலேயே படவில்லை. டிக்கெட் காசு வீண்தானே?

வீண் இல்லை. உங்கள் கண்ணில் படாமல் இருக்க அந்தப் புலிக்கு ஓர் இடம் இருக்கிறது. நல்ல பராமரிப்பை நான் அடையாளம் கண்டுகொள்வது அங்கிருந்துதான்.

காட்டுப் பாலூட்டி ஒவ்வொன்றுக்கும், ஆபத்து இவ்வளவு தூரத்துக்கு அப்பால் இருந்தால் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டி யாராவது நெருங்கினால் ஓடும். ஓட வழியில்லை என்றால் பாயும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹைனி ஹெடிகர் இந்தத் தப்பியோடும் தூரத்தைப் பற்றி விரிவாக எழுதினார். விலங்குக் காட்சிசாலை உயிரியல் என்ற துறைக்கு அவரைத் தந்தை என்பார்கள். கூண்டு அந்தத் தூரத்தைவிடக் குறுகலாக இருந்து, ஒதுங்கவும் இடம் இல்லாவிட்டால், பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அந்த விலங்கு பயத்திலேயே இருக்கும். ஹெடிகர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். காட்டில்கூட விலங்கு மனம்போன போக்கில் அலைவதில்லை. தூங்க ஓரிடம், நீருக்கு ஓரிடம், எல்லைக்கு மணம் பூச சில மரங்கள் என்று வகுத்துக்கொண்ட தடத்தில்தான் வாழ்கிறது. ஆகவே உலவிடம் எத்தனை சதுர மீட்டர் என்று கேட்ட கையோடு, அதற்குள் புதர் இருக்கிறதா, மேடு இருக்கிறதா, முதுகை யாருக்கும் காட்டாமல் படுக்க ஒரு மூலை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

சென்னைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1855-ல் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, பிறகு சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அருங்காட்சியகம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ் என்று ஊரார் பெயர் வைத்தார்கள். மூர் மார்க்கெட் இரைச்சலுக்குப் பக்கத்தில், சின்னச் சின்னக் கம்பிக் கூண்டுகள். 1985-ல்தான் வண்டலூர் திறக்கப்பட்டது. இன்று மீட்பு மையத்தையும் சேர்த்து ஏறக்குறைய 600 ஹெக்டேர்.

கம்பிக்குப் பதிலாக அகழி வைப்பது விலங்கின் வசதிக்காகவா?

பெரும்பகுதி நம் கண்ணுக்காக. ஜெர்மனியின் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1907-ல் ஹாம்பர்க் அருகே கம்பியில்லாத காட்சிசாலையைத் திறந்தபோது பார்வையாளர்கள் பிரமித்தார்கள். சிங்கத்துக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. இலங்கையின் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் அதே குடும்பத்தின் விலங்கு வணிகத்திலிருந்து வளர்ந்ததுதான். 1936-ல் அரசு அதை ஏற்றது. அகழியால் விலங்குக்குக் கிடைக்கும் லாபம் தூரம். மற்றபடி, அகழி இருந்தும் ஒளிய நிழல் இல்லாத உலவிடம் பெரிய மேடைதான்.

கரடி ஒரே தடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா?

பைத்தியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கவலைப்பட வேண்டிய அறிகுறி. ஒரே அசைவை, எந்தப் பயனும் இல்லாமல், மாறாமல் திரும்பத் திரும்பச் செய்வதை ஸ்டீரியோடைப்பி என்பார்கள். யானை தலையாட்டுவது, சிறுத்தை எட்டுப் போட்டு நடப்பது, ஒட்டகச்சிவிங்கி கம்பியை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் இதில் சேரும்.

இது ஏன் சில இனங்களில் அதிகம் என்பதை ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் எடுத்துக்காட்டினார்கள். இரைக்காகத் தேடும் நேரம் காரணமாக இருக்கும் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி வந்தது: காட்டில் பரந்த நிலத்தில் அலையும் ஊனுண்ணிகளிடம்தான் இந்த நடை அதிகம், குட்டிச் சாவும் அதிகம். துருவக் கரடிக்குக் காட்சிசாலையில் கிடைக்கும் இடம், அதன் இயல்பான உலவு நிலத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அவர்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து பனிக்கரடிக் கூண்டுகளின் படங்களை என்னால் ரசிக்க முடியவில்லை.

ஓர் எச்சரிக்கை. தீனி வரும் நேரத்துக்கு முன்னால், கொட்டில் கதவருகே நடக்கும் நடை எல்லாம் நோய் ஆகாது. எதிர்பார்ப்பும் நடக்கவைக்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் வேறுபாடு புரியும். ஒரே இடத்தை மிதித்து மிதித்து மண்ணில் வாய்க்கால் போல ஒரு தடம் விழுந்திருந்தால், அது நாள்பட்ட பழக்கம்.

அதற்கு மருந்து உண்டா?

வேலை கொடுப்பதுதான் மருந்து. காட்டில் தேன்கரடி கரையானுக்காக மணிக்கணக்கில் மண்ணைத் தோண்டும்; இங்கே தட்டில் கஞ்சியை வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? அதனால் மரத்துண்டில் துளை போட்டுத் தேனைத் தடவி வைப்பார்கள். தீனியை வைக்கோலுக்குள் ஒளிப்பார்கள். குரங்குக்கு மூங்கில் குழாய்க்குள் நிலக்கடலை. புலிக்கு, மான் கொட்டிலில் இருந்து எடுத்த வைக்கோல் ஒரு கட்டு. அந்த வாசனையில் அது அரை நாள் புரளும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஹால் மார்கோவிட்ஸ் 1970-களில் கிப்பன் குரங்குகளுக்கு, விசையை இழுத்தால் தீனி வரும் ஏற்பாட்டைச் செய்தது இதன் ஆரம்பங்களில் ஒன்று.

ஒரே பொம்மை மூன்றாம் நாள் சலித்துவிடும், ஆகவே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் குறைவாக உள்ள பூங்காக்களில் முதலில் நின்றுபோவது இந்த வேலைதான். மருந்தையோ தீனியையோ நிறுத்தினால் எல்லாருக்கும் தெரியும்; இதை நிறுத்தினால் விலங்குக்கு மட்டும்தான் தெரியும்.

புலிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இறைச்சி? கோழி போடலாமா?

வளர்ந்த புலிக்கு எலும்போடு சேர்த்து 8 முதல் 10 கிலோ வரை மாட்டிறைச்சி என்பது நம் நாட்டுப் பூங்காக்களில் பொதுவான அளவு. வயது, எடை, பருவம் பார்த்துக் கூடும் குறையும்.

எலும்போடு என்பதைக் கவனியுங்கள். வெறும் சதையில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. எலும்பில்லாத இறைச்சியிலேயே வளரும் குட்டிக்கு உடம்பு தன் எலும்பையே கரைத்துச் சமன்செய்யப் பார்க்கும். கால் வளையும், தாவும்போது எலும்பு முறியும். நல்ல கறியாக, எலும்பெல்லாம் எடுத்துவிட்டு, பாசத்தோடு ஊட்டி வளர்த்த குட்டிகளுக்குத்தான் இது வரும் என்பது நெஞ்சை அறுக்கும் விஷயம். பூனைக் குடும்பத்துக்கு டாரின் என்ற சத்தும் இறைச்சியிலிருந்தேதான் கிடைக்க வேண்டும். தாவரத்திலிருந்து வைட்டமின் ஏ-யை உண்டாக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. புலியைச் சைவமாக்கலாமே என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். முடியாது.

கோழியில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. 2004-ல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிக் காட்சிசாலையில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்து, செத்தும், பரவாமல் தடுக்கக் கொல்லப்பட்டும் நூற்றுக்கு மேல் போயின. நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் 3 புலிகளும் 1 சிறுத்தையும் இறந்தன. பரிசோதனையில் தெரிந்தது அதே பறவைக் காய்ச்சல், எச்5என்1 கிருமி. எந்தக் கடையிலிருந்து இறைச்சி வருகிறது, அறுப்பதற்கு முன் மருத்துவர் பார்த்தாரா என்ற கேள்விகள் அலுவலகச் சம்பிரதாயம் இல்லை என்று இப்போது புரியும்.

வாரம் ஒரு நாள் பட்டினி போடுகிறார்களாமே? கொடுமை இல்லையா?

இல்லை. காட்டில் புலி தினமும் வேட்டையாடுவதில்லை. ஒரு பெரிய இரை அடித்தால் நாட்கணக்கில் தின்னும், பிறகு சும்மா இருக்கும். நம் பூங்காக்கள் பலவற்றில் பெரிய பூனைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் இறைச்சி கிடையாது. குடலுக்கு ஓய்வு, உடம்பு ஊதாமலும் இருக்கும். புல்லுண்ணிகளுக்கு ஒரு வேளைகூடத் தீனி நிற்கக் கூடாது, அவற்றின் வயிறு வேறு வகை.

குரங்குக்கு வாழைப்பழம் நல்லதுதானே?

நாம் தின்னும் வாழைப்பழம் நமக்காகவே தலைமுறை தலைமுறையாக இனிப்பாக்கப்பட்ட பழம். காட்டுப் பழத்தில் நார் அதிகம், சர்க்கரை குறைவு, கொட்டை பெரிது. கடைப் பழத்திலேயே வளரும் குரங்குகளுக்குப் பல் சொத்தையும் நீரிழிவும் வருகின்றன. இங்கிலாந்தின் பெய்ன்டன் காட்சிசாலை 2014-ல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்திக் காய்கறிக்கும் கீரைக்கும் மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, காட்டில் வெடிப்பலா என்ற காட்டுக் காயைப் பிளந்து கொட்டை தின்னும், பட்டையை உரித்துப் பூச்சி தேடும். அதன் தட்டு பழக்கடை மாதிரி இருக்கக் கூடாது.

ஒரே ஒரு பிஸ்கட் மானுக்குப் போட்டால் என்ன ஆகிவிடும்?

மான், ஒட்டகச்சிவிங்கி, காட்டுமாடு எல்லாம் அசைபோடும் விலங்குகள். அவற்றின் முதல் வயிறு ஒரு புளிக்கவைக்கும் பானை. அதில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெல்ல மெல்லப் பதப்படுத்தும். மாவும் சர்க்கரையும் மொத்தமாக உள்ளே போனால் வேறு நுண்ணுயிர்கள் பெருகிப் பானை அமிலமாகும். விலங்கு நின்ற இடத்தில் தள்ளாடும், சமயத்தில் செத்தும்போகும். நீங்கள் போடுவது ஒரு பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பின்னால் வரிசையில் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பிஸ்கட்டைவிடப் பெரிய எமன் அதன் உறை. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக்கை மான் முழுங்கும். அது செரிக்காது, வெளியே வராது, வயிற்றிலேயே சுருண்டு அடைக்கும். கடைசியில் வயிறு நிறையக் குப்பையோடு பட்டினியால் சாகும். என் கூட வந்த ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைத் தானாகவே என்னிடம் கொடுத்தான். திரும்பும்வரை நான்தான் வைத்திருந்தேன்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38-ஜே பிரிவு, விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டு இம்சிப்பது, குப்பை போடுவது எல்லாவற்றையும் தடைசெய்கிறது. சிறைத் தண்டனைகூட உண்டு.

அவ்வளவு பெரிய மிருகத்துக்கு ஊசி போடுவது எப்படி?

முன்பெல்லாம் ஒரே வழிதான்: ஊதுகுழலிலோ துப்பாக்கியிலோ மயக்க ஊசியை எய்வது. இப்போதும் அறுவைக்கும், தப்பிய விலங்கைப் பிடிக்கவும் அது வேண்டும். புலி, சிறுத்தைக்குச் சைலசினும் கெட்டமினும் சேர்த்துப் போடுவது வழக்கம். பெரிய தாவர உண்ணிகளுக்குப் போடும் எட்டோர்ஃபின் என்ற மருந்து மனிதன் மேல் கொஞ்சம் பட்டாலும் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதன் குப்பியையே திறப்பார்கள். மயங்கும் விலங்கு வாந்தியெடுத்தால் மூச்சுக்குழலில் போகும், அதனால் முதல் நாள் தீனியை நிறுத்துவார்கள். அசைபோடும் விலங்கைப் பக்கவாட்டில் ரொம்ப நேரம் படுக்கவிட்டால் வயிறு உப்பி மூச்சை முட்டும், நெஞ்சை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மான்களிடம் வேறொரு பயம். துரத்திப் பிடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து, பிடித்த அன்று நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, அடுத்த சில நாட்களில் செத்துவிழும். ஆகவே கையால் பிடிக்கவே கூடாது. துணியால் புனல் போல வேலி கட்டி, உள்ளே தழை வைத்து, நாட்கணக்கில் பழக்கி, தானாகவே வண்டிக்குள் நடக்கவைக்கும் முறைக்குப் போமா என்று பெயர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது பயிற்சி. கோலின் நுனியைத் தொட்டால் ஒரு துண்டு இறைச்சி. பிறகு கம்பியோரம் பக்கவாட்டில் படுத்தால் ஒரு துண்டு. பிறகு வாலைக் கம்பிக்கு வெளியே விட்டால் ஒரு துண்டு. சில மாதங்களில், மயக்கம் இல்லை, கயிறு இல்லை, புலி தன் வாலிலிருந்து இரத்தம் எடுக்க விடுகிறது. கீப்பர் ஒருபோதும் கூண்டுக்குள் போவதில்லை. பிடிக்காத நாளில் அது எழுந்து போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். எழுந்துபோக முடிந்த விலங்கு திரும்பி வருகிறது என்பதுதான் இதன் இரகசியம் முழுவதும்.

சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததே, அது எப்படி?

2021 மே மாதம் ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் 8 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. ஜூனில் வண்டலூர். 9 வயது நீலா ஜூன் 3-ம் தேதி இறந்தது. 12 வயது ஆண் சிங்கம் பத்மநாதன் ஜூன் 16-ல். மாதிரிகளைப் போபாலில் உள்ள ஆய்வகத்தில் சோதித்தபோது, அப்போது மனிதர்களிடையே பரவிய டெல்டா வகைக் கிருமி என்று தெரிந்தது. பூனைக் குடும்பம் இந்தக் கிருமிக்கு எளிதில் ஆளாகும் என்பது அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க் பிராங்ஸ் காட்சிசாலைப் புலியிடம் தெரியவந்திருந்தது.

நோய் எப்போதும் ஒரே வழியில் வருவதில்லை. 2000 ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானனில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் சில நாட்களில் இறந்தன. காரணம் ஈ கடித்துப் பரவும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய். நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வரும், எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். அதனால்தான் வாசலில் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகிறார்கள், புதிதாக வரும் விலங்கை வாரக்கணக்கில் தனியே வைக்கிறார்கள். இறந்த ஒவ்வொரு விலங்குக்கும் பிரேதப் பரிசோதனை கட்டாயம். பெரிய பூனைகளின் உடலை முழுவதுமாக எரிக்க வேண்டும். தோலும் நகமும் கள்ளச்சந்தைக்குப் போகாமல் இருக்க அந்த விதி.

வெள்ளைப் புலி அரிய இனமாயிற்றே, அதை நிறையப் பெருக்கினால் என்ன?

அது தனி இனமே இல்லை. வங்கப் புலியில் நிறத்துக்கான ஒரு மரபணு மாறியதால் வந்த வெள்ளை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும்.

1951-ல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் காட்டில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்து மோகன் என்று பெயரிட்டார். அதைச் சாதாரண நிறப் பெண்புலியோடு சேர்த்தபோது ஒன்றுகூட வெள்ளையாகப் பிறக்கவில்லை. பிறகு மோகனை அதன் மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958-ல் நான்கு வெள்ளைக் குட்டிகள். அதிலிருந்து தொடர்ந்து சொந்தத்துக்குள்ளேயே கலந்துதான் உலகம் முழுக்க வெள்ளைப் புலிகள் பெருகின. மாறுகண் இவற்றிடம் சாதாரணம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தடம் மாறிப் பின்னியிருப்பதால் வருவது. வளைந்த முதுகு, பலவீனமான குட்டிகள் எல்லாம் நெருங்கிய உறவுக் கலப்பின் விலை.

கூட்டம் சேர்வது அதற்கு முன்னால்தான் என்று எனக்கும் தெரியும். பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்த்திருக்கிறேன். இருக்கிற வெள்ளைப் புலிகளை அன்போடு கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்; நிறத்துக்காக இன்னொரு தலைமுறையை உண்டாக்கக் கூடாது என்பதே என் கருத்து.

நெருங்கிய உறவில் கலப்பது அவ்வளவு கெடுதலா?

வாஷிங்டன் காட்சிசாலையில் கேத்தரின் ரால்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பழைய பதிவேடுகளைப் புரட்டி 16 வகைக் குளம்பு விலங்குகளின் குட்டிகளைக் கணக்கெடுத்தார்கள். 15 வகைகளில், உறவுக்குள் பிறந்த குட்டிகளே அதிகம் செத்திருந்தன. இது 1979-ல் வெளிவந்தது. அதன்பிறகுதான் வம்சாவளிப் பதிவேடு இல்லாமல் இனப்பெருக்கம் என்ற பேச்சே கூடாது என்று உலகக் காட்சிசாலைகள் ஒழுங்குக்கு வந்தன. பதிவேட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் எண், தாய், தந்தை, பிறந்த நாள், போன ஊர் எல்லாம் இருக்கும். ஒரு சிங்கவால் குரங்கு ஆணை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுவது அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான்.

நம் நாட்டில் இதைக் கண்காணிப்பது மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம். 1991 சட்டத் திருத்தத்தின்படி 1992-ல் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் யாரும் காட்சிசாலை நடத்த முடியாது. 2022-ல் கோவை வ.உ.சி. பூங்காவின் அங்கீகாரம் ரத்தானது. நகர நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்துக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

புள்ளிமான் மட்டும் ஏன் எல்லா இடத்திலும் இவ்வளவு கூட்டம்?

தீனி உண்டு, புலி இல்லை, ஆண்டு முழுவதும் குட்டி போடும். கட்டுப்படுத்தாவிட்டால் தரையில் ஒரு புல் மிஞ்சாது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் காட்சிசாலை 2014-ல் மரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியை, மரபணு நோக்கில் உபரி என்று கொன்று சிங்கத்துக்குப் போட்டதில் உலகமே கொதித்தது. இங்கே அப்படிச் செய்வதில்லை. ஆண் பெண்ணைப் பிரித்து வைப்பது, கருத்தடை செய்வது, அனுமதி பெற்றுக் காட்டில் விடுவது என்று போகிறது. கடைசியில் சொன்னதற்கு நோய்ப் பரிசோதனை முடிய வேண்டும்.

யானைகளைக் காட்சிசாலைகளில் வைக்கக் கூடாது என்கிறார்களே?

2009 நவம்பரில் ஆணையம், காட்சிசாலைகளில் உள்ள யானைகளை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்றச் சொன்னது. தமிழ்நாட்டில் திருச்சி அருகே எம்.ஆர். பாளையத்தில் அப்படி ஒரு மையம் நடக்கிறது. யானை நடக்கப் பிறந்தது. சிமெண்டுத் தரையில் நின்றே கிடந்தால் பாதம் வெடித்துச் சீழ் பிடிக்கும், மூட்டு வீங்கும். தாய், பாட்டி, சித்தி என்று பெண்கள் கூட்டமாக வாழும் விலங்கைத் தனியே நிறுத்துவது இன்னும் கொடுமை. 2008-ல் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பியக் காட்சிசாலைகளில் ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் நடுமதிப்பு ஆயுள், அதாவது பாதி யானைகள் இறந்துவிடும் வயது, 16.9 ஆண்டு என்றது. கென்யாவின் அம்போசெலி காட்டில், மனிதர் கையால் சாகாதவற்றுக்கு அது 56 ஆண்டு.

மற்ற விலங்குகளும் அப்படித்தான் சீக்கிரம் சாகின்றனவா?

இல்லை. 2016-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் 84 சதவீத இனங்கள் காட்டைவிடக் காட்சிசாலையில் நீண்ட நாள் வாழ்ந்தன. சின்ன உடம்பும் வேகமான வாழ்வும் உள்ளவற்றுக்கு லாபம் அதிகம். பெரிய உடம்பு, மெதுவான வாழ்வு என்று போகப் போக லாபம் குறைகிறது. நீண்ட ஆயுளோடு முதுமையும் வருகிறது. கிழட்டுச் சிறுத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகும், மூட்டு வலிக்கும், கோரைப்பல் உடையும். ஏறாமல் இறங்காமல் போக ஒரு சரிவுப் பாதை, மெத்தென்று வைக்கோல், கொத்திய இறைச்சி என்று வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்வதைப் போலவே செய்ய வேண்டியிருக்கிறது.

தாய் ஒதுக்கிய குட்டியை நாங்கள் புட்டியில் பால் கொடுத்து வளர்க்கக் கூடாதா?

கூடாது, தூக்கிக் கொஞ்சிப் படம் எடுக்கவும் கூடாது. பசும்பால் புலிக்குட்டிக்குச் சேராது. சர்க்கரை அதிகம், புரதமும் கொழுப்பும் குறைவு, வயிற்றுப்போக்கில் முடியும். பிறந்த சில நாட்களுக்கு அதனால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் நாக்கால் நக்கித் தூண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும், இராத்திரி முழுவதும். இதையெல்லாம் சரியாகச் செய்து பிழைக்கவைத்தாலும், மனிதனையே தன் இனம் என்று நம்பும் குட்டி வளர்ந்த பிறகு தன் இனத்தோடு சேரத் தெரியாமல் தவிக்கும். அதனால் முடிந்தவரை தாயிடமே விட்டு, தூரத்திலிருந்து காமிராவில் பார்ப்பார்கள். பிரசவ நேரத்தில் அந்தப் பகுதியை மூடுவதும் இதற்காகத்தான். சத்தம் கேட்டுப் பதறிய தாய் குட்டியையே தின்றுவிடுவது உண்டு.

இங்கே வளர்த்த விலங்கைக் காட்டில் விட முடியுமா?

சில இனங்களில் முடிந்திருக்கிறது. அரேபிய ஓரிக்ஸ் மான்களில் காட்டில் மிஞ்சியதைக் கடைசியாக 1972-ல் சுட்டுவிட்டார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் காட்சிசாலையில் சேர்த்திருந்ததால், 1982-ல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி விட முடிந்தது. அசாமில் குள்ளக் காட்டுப்பன்றிகளை 1996-ல் மானஸிலிருந்து பிடித்த ஒரு சிறு கூட்டத்தில் தொடங்கி வளர்த்து, 2008 முதல் புல்வெளிகளில் விடுகிறார்கள். டார்ஜிலிங் பூங்கா 2003-ல் சிவப்புப் பாண்டாக்களை சிங்கலீலா காட்டில் விட்டது.

புலியில் இது மிகக் கடினம். வேட்டையைத் தாய் கற்றுத்தர வேண்டும், மனிதனைக் கண்டால் விலக வேண்டும். சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கமும் புலியும் வண்டலூர் மீட்பு மையத்தில் கடைசிவரை இருந்ததற்கு இதுதான் காரணம். சோலைமந்திகளை நாட்டின் வேறு சில பூங்காக்களோடு சேர்ந்து வண்டலூரும் பெருக்கிவருகிறது. ஆனால் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகக் கிடக்கும் சோலைகள் இணையாமல், இங்கே பிறக்கும் குட்டிக்குப் போக இடமில்லை.

எல்லாம் சரி. கூண்டில் அடைப்பதே தவறு என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

தோன்றுகிறது. யானை, பனிக்கரடி, டால்பின் போன்றவற்றை வைக்கவே கூடாது என்று நம்புகிறேன். ஆனால் பொறியில் ஒரு காலை இழந்த சிறுத்தையை, மூக்கில் கயிறு குத்தி ஆடவிட்ட கரடியை எங்கே விடுவது? காடு குறுகிக்கொண்டிருக்கும்போது சோலைமந்திக்கு இரண்டாவது வீடு வேண்டாமா? வைக்க வேண்டியதை மட்டும் வைத்து, வைத்ததை நன்றாக வைக்க வேண்டும் என்ற இடத்தில் நான் நிற்கிறேன். நன்றாக வைப்பது என்றால், ஒளிய, ஒதுங்க, மறுக்க அதற்கு வழி இருக்க வேண்டும்.

எப்போது வந்தால் விலங்குகளை நன்றாகப் பார்க்கலாம்?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று விலங்குகளுக்கும் கொஞ்சம் அமைதி. மற்ற நாட்களில் காலை திறந்தவுடன் வாருங்கள். வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்குப் போய்விடும். கோடையில் தண்ணீர் தூவி, பழம் உறையவைத்த பனிக்கட்டி கொடுத்துச் சூட்டைத் தணிப்பார்கள். கரடி அந்தக் கட்டியை அணைத்துக்கொண்டு படுத்திருப்பதை ஏப்ரலில் பார்க்கலாம்.

கண்ணாடியைத் தட்டாதீர்கள். சீட்டி அடிக்காதீர்கள். ஒரே உலவிடத்தின் முன் இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் பத்து நிமிடத்தில் புதர் மட்டும்தான் தெரியும். பிறகு ஒரு காது அசையும்.